ஒரு நாள் தவறினால் பணமும் தவறும்: விரிதாளில் தேதிக் கணக்கு

பிறந்த தேதி, வேலைக்குச் சேர்ந்த தேதி, விடுப்பு தொடங்கிய தேதி, வேலை முடிந்த தேதி. ஒரு தொழிலாளிக்குப் பணம் எவ்வளவு வரும், எப்போது வரும் என்பதைப் பெரும்பாலும் இந்த நான்கு தேதிகளே முடிவு செய்கின்றன. முன்பு தோட்ட அலுவலகத்தில் கிராணியார் பேரேட்டைப் புரட்டி, நாள்காட்டியில் விரல் வைத்து எண்ணிச் சொல்வார். இன்று அந்த வேலையை எக்செல் போன்ற விரிதாள் செய்கிறது. தொழிற்சாலை, கடை, கூட்டுறவுக் கழகம், டியூஷன் மையம், ஆலய நிர்வாகம் என்று எங்கு பார்த்தாலும் விரிதாள்தான்.

"கணினி தப்பாகக் கணக்குப் போடாது" என்பது பலரின் நம்பிக்கை. கூட்டல் கழித்தலில் அது தப்பு செய்யாது என்பது உண்மைதான். ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே அது பதில் சொல்லும். கேள்வியைத் தவறாகக் கேட்டால், தவறான பதிலையும் மிகத் துல்லியமாகக் கொடுக்கும். தேதிக் கணக்கில் இது அடிக்கடி நடக்கிறது. ஒரே ஒரு நாளைச் சேர்க்க மறந்தால் ஒரு தொழிலாளிக்கு ஈராயிரம் ரிங்கிட்டுக்கு மேல் குறையக்கூடும். அது எப்படி என்று புரிய வேண்டுமானால், விரிதாள் தேதியை எப்படிப் பார்க்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேதி என்பது ஓர் எண்

மனிதர்கள் தேதியை நாள், மாதம், ஆண்டு என்று மூன்று பகுதிகளாகப் பார்க்கிறார்கள். எக்செல் அப்படிப் பார்ப்பதில்லை. 1900ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளை 1 என்று வைத்துக்கொண்டு, அன்றிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரிசை எண்ணைக் கொடுக்கிறது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி அதற்கு 36526. 2025ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி 45658. திரையில் தெரியும் தேதி வெறும் அலங்காரம். உள்ளே இருப்பது இந்த எண்தான்.

இதைச் சோதிப்பது எளிது. ஒரு கட்டத்தில் தேதியைத் தட்டிவிட்டு, அந்தக் கட்டத்தின் வடிவத்தைப் பொது வடிவத்துக்கு மாற்றினால் எண் வெளியே வந்துவிடும்.

நாடு சுதந்திரம் பெற்ற 1957 ஆகஸ்ட் 31, எக்செலுக்கு 21063. மலேசியா உருவான 1963 செப்டம்பர் 16, அதற்கு 23270. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 2207. அதாவது மெர்டேக்காவிலிருந்து மலேசிய தினம் வரை 2207 நாள்கள். இடையில் வந்த லீப் ஆண்டு, 30 நாள் மாதம், 31 நாள் மாதம் எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை. தேதியை எண்ணாக வைத்திருப்பதன் பயன் இதுதான். ஏ2 கட்டத்தில் தொடக்கத் தேதியும் பி2 கட்டத்தில் முடிவுத் தேதியும் இருந்தால், =பி2-ஏ2 என்பதே போதும்.

இங்கே தமிழில் எழுதப்படும் கட்டப் பெயர்களையும் சூத்திரங்களையும் கணினியில் ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

இந்த எண் வரிசையில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1900ஆம் ஆண்டு லீப் ஆண்டு அல்ல. நூறால் வகுபடும் ஆண்டு, நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டாகும். ஆனால் எக்செலில் 60 என்ற எண்ணைத் தேதியாக மாற்றினால் "1900 பிப்ரவரி 29" என்ற இல்லாத நாள் வரும். 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாளில் இருந்த பிழை இது. அந்த விரிதாளின் கோப்புகள் தன்னிடமும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக எக்செல் அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. 1900 மார்ச் மாதத்துக்குப் பிந்திய தேதிகளுக்கு இதனால் பாதிப்பில்லை. 1900க்கு முந்திய தேதிகளை எக்செல் தேதியாகவே ஏற்பதில்லை.

பாதிப்பு வரும் இடம் வேறு. மெக்கின்டோஷ் கணினிக்கு வந்த பழைய எக்செல், 1904ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டது. அப்படிப்பட்ட பழைய கோப்பிலிருந்து தேதிகளை இன்றைய கோப்புக்கு மாற்றினால் சரியாக 1462 நாள்கள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும், இடம் மாறிப்போக வாய்ப்புண்டு. பழைய பதிவுகளில் எல்லாத் தேதிகளும் ஒரே அளவில் விலகியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

தேதி போலத் தெரிவது தேதிதானா?

விரிதாளில் தட்டியதெல்லாம் தேதியாகிவிடாது. தேதி போலத் தோன்றும் வெறும் எழுத்தாகவும் அது இருக்கலாம். வடிவமைப்பு எதுவும் செய்யாத கட்டத்தில் உண்மையான தேதி வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்து இடப்பக்கம் ஒட்டி நிற்கும். முதல் அடையாளம் இது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாள் முதலில், மாதம் பிறகு என்று எழுதுவது வழக்கம். அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்து, அதில் 3/4/2025 என்று தட்டினால், ஏப்ரல் 3 என்று நினைத்துத் தட்டியது மார்ச் 4 ஆகிவிடும். 13/4/2025 என்று தட்டினால் பதின்மூன்றாவது மாதம் இல்லை என்பதால் எக்செல் அதை எழுத்தாக வைத்துவிடும்.

ஓராண்டின் 365 நாள்களையும் இப்படித் தட்டினால் என்ன ஆகும்? 1ஆம் தேதியிலிருந்து 12ஆம் தேதி வரையிலான 144 நாள்களில், 1/1, 2/2 போன்ற 12 மட்டும் தப்பிக்கும். மற்ற 132 நாள்கள் சத்தமில்லாமல் இடம் மாறும். மீதி 221 நாள்கள் எழுத்தாக நிற்கும். எழுத்தாக நிற்பதைக் கழித்தால் பிழைச் செய்தி வரும், கண்டுபிடித்துவிடலாம். இடம் மாறிய 132 நாள்கள்தாம் ஆபத்தானவை. அவை எந்த எச்சரிக்கையும் தருவதில்லை.

31.8.2025 என்று புள்ளி வைத்து எழுதும் பழக்கமும் பலரிடம் உண்டு. தாளில் எழுத அது சரி. பெரும்பாலான கணினி அமைப்புகளில் அது தேதியாக ஏற்கப்படுவதில்லை.

இதற்கு மூன்று தீர்வுகள் உண்டு. முதலாவது, கணினியின் வட்டார அமைப்பை மலேசியா அல்லது சிங்கப்பூர் என்று மாற்றுவது. இரண்டாவது, மாதத்தின் பெயர் எழுத்தில் தெரியும்படி தேதி வடிவத்தை அமைப்பது. "03-ஏப்-2025" என்று தெரிந்தால் மாறிப்போனது உடனே கண்ணில் படும். மூன்றாவது, பட்டியலில் உள்ள எண்களை மட்டும் எண்ணும் 'கவுண்ட்' சூத்திரத்தைத் தேதிப் பத்தியில் போட்டுப் பார்ப்பது. 50 பேர் உள்ள பட்டியலில் விடை 43 என்று வந்தால், ஏழு தேதிகள் தேதியே அல்ல.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. தேதி அல்லாததை எக்செல் தேதியாக்கிவிடும். 3-5 என்ற வீட்டு எண்ணைத் தட்டினால் அது மே 3 ஆகும். பிறகு வடிவத்தை மாற்றினாலும் பழைய 3-5 திரும்பி வராது, ஐந்திலக்க எண்தான் வரும். விஞ்ஞானிகளே இதில் சிக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மார்ச், செப்டம்பர் மாதங்களின் பெயரைப் போன்ற குறியீடு கொண்ட மனித மரபணுக்களின் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 2020இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. தானாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023இல் சேர்த்தது. வீட்டு எண், அடையாள அட்டை எண் போன்றவற்றைத் தட்டும் முன்பே அந்தக் கட்டங்களை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. இல்லையெனில் பூஜ்யத்தில் தொடங்கும் எண், கோடு இல்லாமல் தட்டும்போது முன் பூஜ்யத்தை இழந்துவிடும்.

அடையாள அட்டையும் 120 வயது இளைஞரும்

மலேசிய அடையாள அட்டையின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிக்கின்றன. 050312 என்றால் 2005 மார்ச் 12. பிறந்த தேதியைத் தனியாகத் தட்டாமல், இந்த ஆறு இலக்கங்களிலிருந்தே சூத்திரம் போட்டு எடுப்பவர்கள் பலர்.

ஆண்டு இங்கே இரண்டு இலக்கமாக இருப்பதுதான் சிக்கல். கட்டத்தில் நேரடியாக 12/3/05 என்று தட்டினால் எக்செல் அதை 2005 என்று கொள்ளும். வழக்கமான அமைப்பில் 00 முதல் 29 வரை உள்ளவை 2000த்தைச் சேர்ந்தவை. 30 முதல் 99 வரை உள்ளவை 1900த்தைச் சேர்ந்தவை. ஆனால் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் கொடுத்துத் தேதியை உருவாக்கும் 'டேட்' சூத்திரத்துக்கு இந்த விதி கிடையாது. அது 5 என்ற ஆண்டுடன் 1900ஐக் கூட்டி 1905 என்று எடுத்துக்கொள்ளும். விளைவு, 2005இல் பிறந்த இளைஞருக்கு 2025இல் வயது 120 என்று வரும்.

120 என்று வந்தால் யாரும் கவனித்துவிடுவார்கள். நேரடியாகத் தட்டும்போது நடப்பதுதான் மறைவானது. 1928இல் பிறந்த மூதாட்டியின் தேதியை 28 என்று இரண்டு இலக்கத்தில் தட்டினால் அவர் 2028இல் பிறந்தவராவார். ஆண்டை எப்போதும் நான்கு இலக்கமாகத் தட்டுவது ஒன்றே பாதுகாப்பு.

365ஆல் வகுத்தால் வயது வராது

வயதைக் கண்டுபிடிக்கப் பிறந்த தேதியை இன்றைய தேதியிலிருந்து கழித்து 365ஆல் வகுப்பது பலரும் செய்யும் வழி. குழந்தையின் வயதுக்கு அது ஏறக்குறைய சரியாக இருக்கும். வயது ஏற ஏறப் பிழையும் ஏறும்.

1965 ஜூன் 10ஆம் தேதி பிறந்தவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 60 வயது நிறைவது 2025 ஜூன் 10. இடைப்பட்ட காலத்தில் பிப்ரவரி 29 பதினைந்து முறை வந்திருக்கிறது. 365ஆல் வகுக்கும் கணக்கில் அந்தப் பதினைந்து நாள்களும் சேர்ந்து, மே 26ஆம் தேதியே அவருக்கு 60 வயது நிறைந்துவிட்டதாக விரிதாள் சொல்லும். 2013 ஜூலை 1 முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அந்த விரிதாளை நம்பி ஓய்வுக் கடிதம் கொடுத்தால், தொழிலாளிக்கு அரை மாதச் சம்பளம் போய்விடும்.

சரியான வழி, மாதங்களைக் கூட்டும் 'இடேட்' சூத்திரம். =இடேட்(ஏ2, 720) என்று போட்டால் பிறந்த தேதியுடன் 720 மாதம், அதாவது 60 ஆண்டு சேரும். விடை ஜூன் 10 என்றே வரும். எண்ணாகத் தெரிந்தால் தேதி வடிவத்துக்கு மாற்றினால் போதும்.

பந்தல் காலும் இடைவெளியும்

இனி முக்கியமான இடத்துக்கு வரலாம். ஒரு வரிசையில் பந்தலுக்கு ஐந்து கால் நட்டால் இடைவெளி நான்குதான். விரிதாள் எண்ணுவது இடைவெளியை. மனிதர்கள் எண்ணுவது பெரும்பாலும் கால்களை.

10ஆம் தேதி முதல் 14ஆம் தேதி வரை ஒருவர் விடுப்பு எடுத்தால் அது ஐந்து நாள். 14இலிருந்து 10ஐக் கழித்தால் நான்கு. எனவே முதல் நாளும் கடைசி நாளும் சேர வேண்டிய கணக்கில் =பி2-ஏ2+1 என்று ஒன்றைக் கூட்ட வேண்டும்.

மகப்பேறு விடுப்பில் இது தலைகீழாக வரும். மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. 2025 ஏப்ரல் 1ஆம் தேதி விடுப்பு தொடங்கினால், அந்த நாளே முதல் நாள். ஆகவே 97ஐக் கூட்டினால் வரும் ஜூலை 7ஆம் தேதி கடைசி நாள். 98ஐக் கூட்டினால் வரும் ஜூலை 8 வேலைக்குத் திரும்பும் நாள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு தாய் ஒரு நாள் விடுப்பை இழப்பார், அல்லது சொல்லாமல் வேலைக்கு வராதவர் என்ற பெயரை எடுப்பார்.

ஒரு நாள், 2,100 ரிங்கிட்

சேவைக் காலத்தை ஆண்டு, மாதமாகக் கணக்கிட எக்செலில் 'டேட்டிஃப்' என்ற சூத்திரம் இருக்கிறது. தேதி என்பதற்கான ஆங்கிலச் சொல்லோடு, வித்தியாசம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளைச் சேர்த்தால் இதன் பெயர் வந்துவிடும். லோட்டஸ் 1-2-3 காலத்துக் கோப்புகளுக்காக வைக்கப்பட்டது என்பதால், தட்டத் தொடங்கும்போது தோன்றும் பட்டியலில் இது தெரியாது. ஆனாலும் வேலை செய்யும். =டேட்டிஃப்(ஏ2, பி2, "ஒய்") என்றால் நிறைவடைந்த ஆண்டுகள். "ஒய்"க்குப் பதில் "எம்" போட்டால் நிறைவடைந்த மாதங்கள்.

ஒரு தொழிலாளி 2020 மார்ச் 15ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தார், ஆட்குறைப்பில் 2025 மார்ச் 14ஆம் தேதி அவருடைய கடைசி வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 15 முதல் அடுத்த மார்ச் 14 வரை ஓராண்டு. அப்படி ஐந்து முறை. விரலை மடக்கி எண்ணினால் அவர் ஐந்து ஆண்டு முழுமையாக வேலை செய்திருக்கிறார். ஆனால் மேற்கண்ட சூத்திரம் 4 என்றே சொல்லும். மாதக் கணக்கில் 59 என்று சொல்லும். கடைசி நாளன்று அவர் காலையிலிருந்து மாலை வரை வேலை செய்தது அதற்குத் தெரியாது.

இதனால் என்ன நட்டம்? தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்பில் உள்ள 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிகள், மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் பெறுபவர்களுக்குப் பொருந்துகின்றன. குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். சேவை இரண்டு ஆண்டுக்குக் குறைவானால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இவை குறைந்தபட்ச அளவுகள்.

அந்தத் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் 80 ரிங்கிட் என்று கொள்வோம். விரிதாள் சொன்ன 59 மாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு 15 நாள் வீதம் 5,900 ரிங்கிட் வரும். ஐந்து ஆண்டு என்று சரியாக எண்ணினால் ஆண்டுக்கு 20 நாள் வீதம் 8,000 ரிங்கிட். வித்தியாசம் 2,100 ரிங்கிட். யாரும் ஏமாற்றவில்லை, யாரும் கூட்டலில் தவறவில்லை. கடைசி நாளைச் சேர்க்கச் சொல்லாததுதான் காரணம்.

தீர்வு மிகச் சிறியது. =டேட்டிஃப்(ஏ2, பி2+1, "ஒய்") என்று முடிவுத் தேதியுடன் ஒன்றைக் கூட்டினால் 5 என்ற விடை வந்துவிடும்.

இழப்பீடு மட்டுமல்ல. வேலைச் சட்டத்தில் ஆண்டு விடுப்பு இரண்டு ஆண்டுக்குள் 8 நாள், பிறகு 12 நாள், ஐந்து ஆண்டுக்குப் பின் 16 நாள் என்று உயர்கிறது. ஒப்பந்தத்தில் வேறு ஏதும் எழுதப்படாத நிலையில், வேலை முடிவுக்கான முன்னறிவிப்பும் 4, 6, 8 வாரம் என்று அதே இரண்டாம், ஐந்தாம் ஆண்டு எல்லைகளில்தான் மாறுகிறது. எல்லைக் கோட்டின் அருகில் நிற்பவருக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம். சேவைக் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு வந்தால் தொழிலாளர் இலாகாவை நாடலாம்.

டேட்டிஃப் சூத்திரத்தில் மீதி நாள்களை மட்டும் கேட்கும் "எம்டி" என்ற வகையும் உண்டு. அது சில வேளைகளில் தவறான விடை தரும் என்று மைக்ரோசாஃப்டே எச்சரித்துள்ளதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

மாதக் கடைசியும் தவணையும்

மாதத் தவணைக்கு 30 நாளாகக் கூட்டிக்கொண்டே போனால் பன்னிரண்டு தவணையில் 360 நாள்தான் ஆகும். ஓராண்டில் ஐந்து நாள் முன்னே வந்துவிடும். இதற்கும் இடேட் சூத்திரமே சரி. ஆனால் அதிலும் ஒரு கவனம் வேண்டும். ஜனவரி 31உடன் ஒரு மாதம் கூட்டினால் பிப்ரவரி 28 வரும். அந்தப் பிப்ரவரி 28உடன் மீண்டும் ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28தான் வரும், 31 வராது. ஒவ்வொரு தவணையையும் முந்திய தவணையிலிருந்து எண்ணாமல், முதல் தேதியிலிருந்தே ஒரு மாதம், இரண்டு மாதம் என்று எண்ணினால் இந்தத் தேய்மானம் ஏற்படாது.

மாதத்தின் கடைசி நாளைத் தருவது 'இஓமந்த்' சூத்திரம். ஊழியர் சேமநிதிச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். =இஓமந்த்(ஏ2, 0)+15 என்று போட்டால், ஏ2இல் எந்தத் தேதி இருந்தாலும் அதற்கு அடுத்த மாதத்தின் 15ஆம் தேதி கிடைக்கும்.

எந்த மாநிலத்தின் வார இறுதி?

வேலை நாள்களை மட்டும் எண்ண 'நெட்வொர்க்டேஸ்' சூத்திரம் உதவும். இது முதல் நாளையும் கடைசி நாளையும் தானாகவே சேர்த்துக்கொள்ளும், இங்கே ஒன்றைக் கூட்டக்கூடாது. சனி, ஞாயிறு இரண்டையும் விடுமுறை என்று அது கருதும்.

கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. ஜொகூர் 2014 முதல் 2024 வரை அந்த முறையில் இருந்து, 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. இப்படிப்பட்ட இடங்களுக்காக 'நெட்வொர்க்டேஸ்.இன்டல்' என்ற சூத்திரம் 2010 பதிப்பிலிருந்து இருக்கிறது. அதில் 7 என்ற எண் வெள்ளி, சனியையும், 11 என்ற எண் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விடுமுறையாகவும் கொள்ளும். ஜொகூரில் 2024 கடைசியில் தொடங்கி 2025இல் முடியும் ஒரு காலத்தைக் கணக்கிட்டால், இரண்டு பகுதியாகப் பிரித்துத்தான் எண்ண வேண்டும்.

பொது விடுமுறைகளை விரிதாள் தானாக அறியாது. அவற்றைத் தனிப் பட்டியலாகத் தட்டிச் சூத்திரத்தில் சேர்க்க வேண்டும். தைப்பூசம் எல்லா மாநிலங்களிலும் பொது விடுமுறை அல்ல. தீபாவளி சரவாக்கில் பொது விடுமுறை அல்ல. ஆகவே கோலாலம்பூர் அலுவலகத்தின் பட்டியலைக் கூச்சிங் கிளைக்கு அப்படியே அனுப்பினால் கணக்குத் தவறும்.

இரவு வேலையும் மறைந்துபோகும் 24 மணி நேரமும்

ஒரு நாள் என்பது 1 என்றால், நண்பகல் என்பது 0.5. நேரத்தை எக்செல் இப்படிப் பின்னமாக வைத்திருக்கிறது. இரவு 10 மணிக்கு வேலைக்குப் போய்க் காலை 6 மணிக்குத் திரும்புபவரின் நேரத்தைக் கழித்தால் விடை கழித்தல் எண்ணாகி, கட்டம் முழுவதும் வேலிக் குறிகள் தோன்றும். =மோட்(பி2-ஏ2, 1) என்று போட்டால் 8 மணி நேரம் சரியாக வரும்.

வாரக் கூட்டலில் இன்னொரு பொறி. வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு அதிகபட்ச வேலை நேரம் 2023 ஜனவரி முதல் 45 மணி. ஒருவர் சரியாக 45 மணி வேலை செய்ததைக் கூட்டினால், சாதாரண நேர வடிவத்தில் திரையில் 21:00 என்றே தெரியும். 24 மணி ஒரு முழு நாளாக மாறி மறைந்துகொள்வதுதான் காரணம். நேர வடிவத்தில் மணிக்கான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட்டால் 45:00 என்று முழுமையாகத் தெரியும். அதை மணிச் சம்பளத்தால் பெருக்கும் முன் 24ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் 45 மணி, 1.875 என்றே கணக்கில் சேரும்.

இன்றைய தேதி நாளைக்கு மாறும்

'டுடே' சூத்திரம் இன்றைய தேதியைக் கொடுக்கும். கோப்பை நாளைத் திறந்தால் நாளைய தேதியைக் கொடுக்கும். வயதுக்கு இது வசதி. ஆனால் பணம் பெற்ற தேதி, கடிதம் கொடுத்த தேதி, புகார் வந்த தேதி ஆகியவற்றுக்கு இதைப் போட்டால், பிறகு ஒருநாள் தகராறு வரும்போது உண்மையான தேதி எங்கும் இருக்காது. அப்படிப்பட்ட இடங்களில் கன்ட்ரோல் விசையையும் அரைப்புள்ளி விசையையும் சேர்த்து அழுத்தினால் அன்றைய தேதி மாறாமல் பதிந்துவிடும்.

மூன்று சோதனைகள்

சூத்திரங்கள் எல்லாம் நினைவில் இல்லாவிட்டாலும் மூன்று சோதனைகள் போதும். ஒன்று, தேதிப் பத்தியில் உள்ளவை எல்லாம் உண்மையான தேதிகளா என்று எண்ணிப் பார்ப்பது. இரண்டு, விடை தெரிந்த ஒரு சிறு கணக்கை அதே சூத்திரத்தில் போட்டுப் பார்ப்பது. 10 முதல் 14 வரை எத்தனை நாள் என்று கேட்டால் விடுப்புக் கணக்கில் 5 வர வேண்டும். மூன்று, எல்லைக் கோட்டில் நிற்பவர்களின் பெயர்களை மட்டும் தனியே எடுத்து நாள்காட்டியை வைத்து எண்ணுவது. ஐம்பது பேர் பட்டியலில் அப்படிப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள்.

தொழிலாளியின் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. வேலை நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இழப்பீட்டுக் கணக்கு கையில் வந்ததும், சேர்ந்த நாளும் கடைசி நாளும் சரியாக எழுதப்பட்டுள்ளனவா, கடைசி நாள் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். கணினியில் வந்த கணக்காயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை. கடைசி நாளைச் சேர்த்தாயா என்று விரிதாளிடம் யாராவது கேட்டால்தான் அது சேர்க்கும்.